முதலில் நீரைப் பாருங்கள்

சிங்கப்பூரின் மரினா வளைகுடாவைச் சுற்றி நடப்பவர்களின் பார்வை பெரும்பாலும் மேல்நோக்கியே இருக்கிறது. 55 மாடிகள் கொண்ட மூன்று கோபுரங்களின் தலைமீது 340 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் மரினா பே சாண்ட்ஸ் விடுதியின் வான்தோட்டம், எதிர்க்கரையில் வரிசைகட்டி நிற்கும் வங்கிக் கட்டடங்கள், முள் முளைத்த கூரையோடு 2002இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலையரங்கம், வாயிலிருந்து நீரைப் பீய்ச்சும் மெர்லயன் சிலை என்று படம் எடுத்துக்கொள்ள அங்கே எதற்கும் குறைவில்லை. இவற்றுக்கெல்லாம் நடுவில் கிடக்கும் நீரோ, விளக்கொளி விழுந்து மின்னுவதற்காக வைத்த தரையாகவே பலர் கண்ணுக்குப் படுகிறது. நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. அந்தக் கரையில் பார்க்கத் தகுந்தவற்றுள் முதலிடம் நீருக்குத்தான். அது கடல்நீர் அல்ல, நன்னீர். நகரத்தின் குடிநீர்த் தேக்கங்களுள் ஒன்று. கடலின் வாயில் இருக்கும் நீர் எப்படி நன்னீர் ஆயிற்று, காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் அதன் விளிம்பில் வந்து உட்கார எப்படி முடிகிறது, இதற்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் யார் என்ற மூன்று கேள்விகளோடு நடந்தால், அந்தக் கரையின் உண்மையான சாதனையும் அதன் கடனும் சேர்ந்தே தெரியவரும். கோபுரங்கள் அந்த நீர்க்கரைக்குக் கடைசியாக வந்து சேர்ந்த குடித்தனக்காரர்கள் மட்டுமே.

நடையை வளைகுடாவில் தொடங்காமல், உள்ளே தள்ளியிருக்கும் தெலுக் ஆயர் தெருவில் தொடங்குவது நல்லது. அங்கே 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா நிற்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரக் கப்பல்களில் வந்து, சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள், நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக அதைக் கட்டினார்கள். அதே தெருவில் சிறிது தூரத்தில், 1839 முதல் 1842 வரை ஹொக்கியன் சீனர்கள் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில் இருக்கிறது. அதன் தெய்வம் மாசூ, கடலோடிகளைக் காக்கும் தாய். இரண்டு வழிபாட்டிடங்களும் கரை சேர்ந்தவர்கள் செலுத்திய நன்றிக்கடன். இரண்டும் கடலைப் பார்த்து நின்றவை. அலை வந்து தொட்ட கரைதான் இந்தத் தெரு. இன்று இதன் முனையில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தென்படாது. கண்ணில் படுவது அலுவலகக் கோபுரங்கள்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெருவுக்கு முன்னால் இருந்த விரிகுடா நிரப்பப்பட்டது. பிறகு காலியர் கீ சாலை கடல்முகமாக இருந்தது. 1928இல் திறக்கப்பட்ட ஃபுல்லர்ட்டன் கட்டடமும், 1933இல் திறக்கப்பட்டு ஏராளமான குடியேறிகள் முதல் காலடி வைத்த கிளிஃபர்ட் படகுத்துறையும் கடலோரத்தில் நின்றவையே. அவையும் இப்போது வளைகுடாவின் உட்கரைக்கு ஒதுங்கிவிட்டன. 2006இல் மூடப்பட்ட அந்தத் துறை இன்று ஒரு விடுதியின் பகுதி.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். எல்லாமே நிரப்பிய நிலம், எல்லாமே போட்ட திட்டம். இயற்கையான கரையோ பழைய துறைமுகத்தின் உயிரோ இல்லாத இடத்தில் பயணிக்கு என்ன வேலை என்பார்கள். வெனிஸ், இஸ்தான்புல் போன்ற நீர்க்கரை நகரங்களின் பழமையை நாடுபவர்களுக்கு மரினா வளைகுடா நேற்று முளைத்ததாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால் சிங்கப்பூரின் கரை மனிதர் கையில் உருவாகத் தொடங்கியது நேற்றல்ல. ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் 1819இல் வந்திறங்கிய மூன்றே ஆண்டுகளில், ஆற்றின் தென்கரையில் இருந்த சதுப்பை நிரப்புவதற்காக, இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் அருகே இருந்த ஒரு குன்றை வெட்டிச் சாய்த்தார்கள். போட் கீ என்னும் படகுத்துறை அந்த மண்ணின்மேல்தான் எழுந்தது. ஆற்றின் வாயில் கிடந்த, இன்றுவரை யாராலும் படிக்கப்படாத எழுத்துகள் கொண்ட பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாட்டின் பரப்பு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. ஆகவே, இந்த ஊரில் இது அசலான கரையா, செயற்கைக் கரையா என்று கேட்பதில் பயனில்லை. ஒவ்வொரு தலைமுறையும் கரையை மாற்றியிருக்கிறது. எதற்காக, யாருக்காக மாற்றியது என்று கேட்பதே பொருத்தம். அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஆற்றங்கரைக்கு வரவேண்டும்.

சிங்கப்பூர் ஆறு நீளத்தில் மிகச் சிறியது. மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு துறைமுகத்தின் சுமையை அது தாங்கியது. வெளியே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து அரிசியும் ரப்பரும் மிளகும் சரக்குப் படகுகளில் ஆற்றுக்குள் வந்தன. கூலிகள் அவற்றை முதுகில் சுமந்து கிடங்குகளில் சேர்த்தார்கள். தொடக்க காலத்தில் அந்தப் படகுகளை ஓட்டியவர்களில் சூலியாக்கள் முக்கியமானவர்கள். பின்னர் அந்தத் தொழில் சீனர்களின் கைக்குப் போனது. துறைக்குப் பின்னால் இருந்த மார்க்கெட் தெருவில் நகரத்தார் தங்கள் கிட்டங்கிகளை நடத்தினார்கள். ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டகம், தரையில் அமர்ந்து கணக்கெழுத ஒரு சாய்மேசை. வங்கிகளின் வாசலை எட்ட முடியாத சிறு வணிகர்களுக்கு அங்கிருந்துதான் கடன் கிடைத்தது. 1970களின் நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் மறைந்தன. இன்று வளைகுடாவில் உயர்ந்து நிற்கும் பன்னாட்டு வங்கிகளுக்கு முன்னோடிகளில் ஒரு சாரார் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பதைத் தமிழ்ப் பயணி நினைவில் வைத்து நடக்கலாம். ஆனால் அதே ஆறு 1970களுக்குள் சாக்கடையாகியிருந்தது. படகுகளின் எண்ணெய், தெருக்கடைகளின் கழிவு, மேல்பகுதியிலிருந்த பன்றி, வாத்துப் பண்ணைகளின் அசுத்தம், சாக்கடை இணைப்பில்லாத குடிசைகளின் மலம் எல்லாம் அதில்தான் கலந்தன. நீர் கறுத்து, மீன் இல்லாமல் போய், நாற்றம் நகரத்தின் நடுவில் நிலைத்துவிட்டது.

1977 பிப்ரவரியில் ஒரு நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று இலக்கு வைத்தார். அதற்குப் பிறகு நடந்ததை வெறும் துப்புரவுப் பணி என்று சொன்னால் அதன் அளவு புரியாது. ஆற்றில் மிதந்த குப்பையை அள்ளுவது வேலையின் கடைசிப் பகுதி. அழுக்கு எங்கே பிறக்கிறதோ அங்கே போய் அதை நிறுத்துவதுதான் முதற்பகுதி. சுமார் 26,000 குடும்பங்கள் குடிசைகளிலிருந்து பெரும்பாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்குப் போயின. ஏறத்தாழ 5,000 தெருவோர வியாபாரிகள் குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் கொண்ட உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 600க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. பிறகுதான் அடியில் படிந்த சேற்றைத் தோண்டி எடுத்தார்கள். 1987இல் பணி முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது, இழப்பீடு தவிர்த்த செலவு சுமார் 17 கோடி வெள்ளி. இன்று நீர்நாய்க் குடும்பங்கள் ஆற்றிலும் வளைகுடாவிலும் மீன் பிடித்து, படிக்கட்டில் ஏறி வெயில் காய்கின்றன. நீர்நாய் மீன் இல்லாத நீரில் தங்காது. துப்புரவு வெற்றி பெற்றதற்கு அந்த விலங்கே போதிய சாட்சி.

ஆனால் அப்புறப்படுத்தப்பட்டவர்களின் பக்கம் நின்று எழும் மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஆற்றை அழகாக்க ஆற்றின் மக்களை வெளியேற்றினார்கள் என்பது அவர்கள் வாதம். அதற்கு ஒரு பதில் உண்டு. சிங்கப்பூரின் கொள்கலன் முனையம் 1972இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. முதுகில் மூட்டை சுமக்கும் தொழில் துப்புரவு இல்லாவிட்டாலும் நிலைத்திருக்காது. குடிசையிலிருந்து குழாய்நீரும் கழிப்பறையும் உள்ள வீட்டுக்குப் போனவர்கள் இழந்தவர்கள் மட்டுமல்ல, பெற்றவர்களும்தான். இருந்தாலும் அந்தப் பதில் முழுமையானதல்ல. படகையே வீடாக்கி வாழ்ந்தவருக்கு அடுக்குமாடி வீடு ஈடாகலாம். தொழிலுக்கும் தோழமைக்கும் அது ஈடாகாது. மக்கள் போன பிறகு அவர்களின் உருவங்கள் வெண்கலத்தில் கரைக்குத் திரும்பி வந்திருக்கின்றன. கவெனா பாலத்தின் அருகே ஆற்றில் குதிக்கும் சிறுவர்கள், கூலிகளும் வணிகர்களும், செட்டியார்களிலிருந்து இன்றைய நிதியாளர்கள் வரை காட்டும் தொகுதி எல்லாம் நல்ல சிற்பங்களே. ஆனால் போட் கீயின் பழைய கடைவீடுகள் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியானபோது காப்பாற்றப்பட்டவை சுவர்களும் கூரைகளும். உள்ளே நடந்த வாழ்க்கை அல்ல. இன்று அங்கே மதுக்கூடங்களும் உணவகங்களும் நடக்கின்றன. நீரைக் காப்பாற்றிய உறுதியில் ஒரு பங்கை, அந்த நீரில் பிழைத்த தொழில்களில் சிலவற்றையாவது கரையிலேயே தொடரச் செய்வதில் காட்டியிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். நீர் சுத்தமானது பெரிய வெற்றி. யாரும் இழக்காமல் வந்த வெற்றி என்று அதைச் சொல்லக்கூடாது.

ஆற்றின் வாயைக் கடந்தால் வளைகுடா திறக்கிறது. மெர்லயன் இங்கே இருப்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. லிம் நாங் செங் வடித்த 8.6 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலை 1972இல் ஆற்றின் வாயில் கடலைப் பார்த்து நிறுத்தப்பட்டது. 1997இல் எஸ்பிளனேட் பாலம் குறுக்கே வந்து பார்வையை மறைத்ததால், 2002இல் 120 மீட்டர் தள்ளி இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார்கள். கரை நகர்ந்தால் காவல் சிலையும் நகரவேண்டியிருக்கிறது. சிலைக்கு எதிரே தெரிவதெல்லாம் 1970களிலிருந்து கடலில் எழுப்பிய நிலம். கடலிலிருந்து எழுந்த நிலம் என்பதால் அது முழுக்க அரசின் கையில் இருந்தது. தனியார் வேலி எதுவும் முன்பே இல்லை. வரைபடத்துக்காக 1983இல் ஐ. எம். பெய், கென்சோ டாங்கே என்ற இரு பெரும் கட்டடக் கலைஞர்களை அணுகிய அரசு, மனைகளைக் குத்தகைக்கு விடுவதற்கு முன்பே நீர்விளிம்பைப் பொதுவுக்கென்று ஒதுக்கிவிட்டது. அதனால்தான் வளைகுடாவைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு அறுபடாத நடைபாதை இருக்கிறது. 2010இல் திறந்த ஹீலிக்ஸ் பாலம் அந்த வட்டத்தின் ஒரு கண்ணி. எத்தனை செல்வாக்குள்ள விடுதியாக இருந்தாலும் நடைபாதைக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். முதல் வரிசை நடப்பவருக்கு.

இது பணக்காரர்களின் வளைகுடா என்று சொல்பவர்கள் நடைபாதையை விட்டு உள்ளே நுழைந்து பார்த்தவர்கள். கடைத்தொகுதியின் விலைகள், விடுதியின் கட்டணம், சூதாட்ட அரங்கம் இவையெல்லாம் அவர்கள் சொல்வதற்குச் சான்று. அரங்கத்துக்குள் போகும் தன் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் மட்டும் அரசு நுழைவுக் கட்டணம் வாங்குவது, அந்த வருமானத்தின் ஆபத்தை அதுவே அறிந்திருப்பதைக் காட்டுகிறது. அங்கே செலவழிக்க எல்லோராலும் இயலாது என்பதும் உண்மை. ஆனால் ஒரு கரை யாருடையது என்பதை அதன் கடைகளின் விலைப்பட்டியலை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. உலகின் பல நகரங்களில் நீருக்கு மிக அருகில் உள்ள நிலம்தான் முதலில் தனியார் சுவருக்குள் போகிறது. இங்கே வார இறுதி மாலைகளில் நீரோரப் படிகளில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். அடுக்குமாடிக் குடும்பங்கள், மாணவர்கள், ஓய்வுநாளில் வந்த வீட்டுப் பணிப்பெண்கள், தமிழிலும் வங்காளியிலும் ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும் கட்டுமானத் தொழிலாளர்கள். யாரும் அவர்களிடம் சீட்டுக் கேட்பதில்லை. அந்தத் தொழிலாளர்களின் கையால்தான் இந்த நகரம் எழுகிறது. அவர்கள் தங்குவதோ கரையிலிருந்து வெகுதூரத்துத் தங்குவிடுதிகளில். கரையைத் திறந்துவைத்தது நீதியின் ஒரு பகுதி மட்டுமே. ஆனாலும் மற்ற பகுதிகளைக் கேட்பதற்கான ஓர் அடையாளம் அங்கே நிலைநாட்டப்பட்டிருக்கிறது.

பெரும்பாலான பயணிகள் கரையோரப் பூந்தோட்டங்களோடு திரும்பிவிடுகிறார்கள். நடையின் மிக முக்கியமான நிறுத்தம் அதற்கு அப்பால் இருக்கிறது: 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு. 350 மீட்டர் அகலமான கால்வாயின் குறுக்கே ஒன்பது எஃகு மதகுகள் வளைகுடாவைக் கடலிலிருந்து பிரிக்கின்றன. பெருமழை பெய்யும்போது கடல் இறங்கியிருந்தால் மதகுகளைத் தாழ்த்தி நீரை வெளியேற்றலாம். கடல் ஏறியிருந்தால் மதகைத் திறந்தால் கடல்தான் உள்ளே வரும். அப்போது வினாடிக்கு 40 கன மீட்டர் வீதம் இறைக்கும் ஏழு பம்புகள் இயங்கும். சைனாடவுன், போட் கீ போன்ற தாழ்ந்த பகுதிகளின் வெள்ளம் குறைந்ததில் இதற்குப் பங்குண்டு. உள்ளே இருந்த உப்புநீர் மழையால் மெல்ல மெல்ல மாற்றப்பட்டு, 2010இல் வளைகுடா நன்னீர்த் தேக்கமானது. நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை இங்கே வந்து சேர்கிறது. மலேசியாவின் ஜொகூரிலிருந்து நீர் பெறும் 1962 ஒப்பந்தம் 2061இல் முடிகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆற்றைச் சுத்தம் செய்த பத்தாண்டு உழைப்பு இல்லாமல் இந்தத் தேக்கம் சாத்தியமில்லை. தெருச் சாக்கடையில் விழும் காகிதக் கோப்பைகூட இப்போது குடிநீரை நோக்கியே பயணிக்கிறது. அணைக்கட்டின் புல்வேய்ந்த கூரையில் குடும்பங்கள் பட்டம் விடுகின்றன. கூரையின் ஒருபுறம் உப்புக் கடலும் கப்பல்களும், மறுபுறம் நன்னீரும் கோபுரங்களும். வளைகுடாவின் முழுப் பொருளையும் ஒரே பார்வையில் தரும் இடம் இதுதான்.

இந்தக் கணக்கில் எல்லைக்கு வெளியே எழுதப்பட்ட பற்றும் உண்டு. கிழக்குக் கரையை நிரப்ப முதலில் பெடோக் பகுதியின் குன்றுகளை வெட்டினார்கள். உள்ளூர் மண் போதாமல் போனபோது அண்டை நாடுகளின் மணல் வந்தது. 1997இல் மலேசியாவும், 2003இல் கடல் மணலுக்கும் 2007இல் நில மணலுக்கும் இந்தோனேசியாவும், 2017இல் கம்போடியாவும் ஏற்றுமதியைத் தடுத்தன. ஆற்றுப்படுகைகள் சரிவதும் மீனவர் வாழ்வு கெடுவதும் தீவுகள் தேய்வதும் அந்தத் தடைகளுக்குப் பின்னால் இருந்த அச்சங்கள். தன் நீரை இவ்வளவு கவனமாகக் காக்கும் நாடு பிறர் நீர்நிலைகளைக் குறித்தும் அதே கவனத்தைக் காட்டவேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. இதற்கு அடுத்து வரும் மறுப்பு, வலுவான அரசும் கைநிறையப் பணமும் உள்ள ஒரு சிறு தீவால் மட்டுமே இதெல்லாம் முடியும் என்பது. பணமும் அதிகாரமும் உதவின என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துப்புரவு தொடங்கிய 1977இல் சிங்கப்பூர் இன்றைய செல்வ நாடல்ல. சாண்ட்ஸ் கோபுரங்கள் எழ இன்னும் முப்பதாண்டுகளுக்கு மேல் இருந்தன. வேலைகள் நடந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நீர், அடுத்து நடைபாதைக்கான நிலம், கடைசியில் கட்டடம். கோபுரத்தைக் கட்டிவிட்டு அதன் காலடியில் நாறும் நீருக்கு வாசனை தேடும் நகரங்களுக்குச் சிங்கப்பூரின் பணம் கிடைக்காமல் போகலாம். இந்த வரிசையைப் பின்பற்றத் தடை எதுவும் இல்லை.

அந்த வரிசைக்கு அடுத்த சோதனை நெருங்கிவிட்டது. 2100க்குள் சுற்றியுள்ள கடலின் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று நாட்டின் அறிவியலாளர்கள் 2024இல் கணித்திருக்கிறார்கள். கரையைக் காக்க நூறாண்டுகளில் 10,000 கோடி வெள்ளி வரை தேவைப்படலாம் என்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2019இலேயே சொல்லியிருந்தார். கிழக்குக் கரைக்கு முன்னால் சுமார் 800 ஹெக்டேரில் 'லாங் ஐலண்ட்' என்ற புதிய நிலத்தை எழுப்பி, அதற்கும் பழைய கரைக்கும் இடையே இன்னொரு நன்னீர்த் தேக்கத்தை உண்டாக்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. மரினா வளைகுடா கற்றுத்தந்த பாடத்தின் நேரடித் தொடர்ச்சி அது. அங்கும் நீர் சுத்தமாக இருக்கும், நடைபாதை திறந்திருக்கும் என்று நம்பச் சிங்கப்பூர் போதிய சான்றுகளைத் தந்திருக்கிறது. மணல் யாருடைய கரையிலிருந்து வரும், இன்று அந்தக் கடற்கரையை நம்பியிருப்பவர்கள் எங்கே போவார்கள், அதைக் கட்டப்போகும் தொழிலாளி எங்கே தங்குவார் என்ற கேள்விகளுக்கும் அதே அளவு தெளிவான பதில் கிடைத்தால், புதிய கரை பழையதைவிடச் சிறந்ததாகும். மரினா வளைகுடாவின் நீரை முதலில் பார்க்கக் கற்றுக்கொண்ட பயணிக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கும் தகுதி இருக்கிறது. எந்த நகரத்தின் நீர்க்கரையிலும் அவர் முதலில் கேட்கவேண்டியவையும் இவைதான்: நீர் எப்படி இருக்கிறது, அதன் விளிம்பு யாருக்குத் திறந்திருக்கிறது, அதற்காக இடம்பெயர்ந்தவர்கள் என்ன ஆனார்கள். கட்டடத்தின் உயரத்தை அதற்குப் பிறகு அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.